பனியை உடைத்த இரப்பர்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ், லிங்கி, லாபு, போர்ட்டிக்சன், பகாவ் ஆகிய வட்டாரங்களில் ஒரு காலத்தில் இரப்பர் தோட்டங்களே பரந்து கிடந்தன. இன்று அவற்றுள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அத்தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று நகரங்களில் வாழ்கின்றனர்.

இரப்பர் எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டால் வண்டிச் சக்கரம், கையுறை, காலணி, அழிப்பான் என நாம் உடனே பட்டியலிடுவோம். வானில் பறக்கும் விமானத்தின் இறக்கையில் படியும் பனிக்கட்டியை உடைத்து எறியவும் இரப்பர் பயன்படுகிறது என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். பனியே பெய்யாத நம் நாட்டில் விளைந்த பொருள், பனியால் வந்த ஆபத்துக்கு எவ்வாறு தீர்வானது? அதனை இப்பகுதியில் காண்போம்.

மரத்திலிருந்து தாள் வரை

இரப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது குளிர்ந்த விடியற்காலையில்தான். ஆகவே, தோட்டத் தொழிலாளர்கள் இருள் விலகுவதற்கு முன்பே எழுந்து பெரட்டுக்குச் செல்வார்கள். பெயர் பதிந்த பின் தத்தம் நிரைக்குச் சென்று, உளியால் பட்டையை மெல்லியதாகச் சீவுவார்கள். உளி சற்று ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும்; மேலோட்டமாகப் பட்டால் பால் வடியாது. வடியும் பால் மரத்தில் கட்டிய மங்கில் சேரும். வெயில் ஏறியதும் அதனை வாளிகளில் திரட்டிக்கொண்டு போய் எடை போடுவார்கள்.

சேகரித்த பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். பாலில் அமிலம் சேர்த்தால் அது உறைந்து கட்டியாகும். அக்கட்டியை உருளைகளுக்கு இடையில் செலுத்தித் தாளாக்கி, புகைக்கூடத்தில் பல நாள் உலர்த்துவார்கள். பழுப்பு நிறமான அத்தாள்கள் துறைமுகங்களின் வழியாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகிலேயே மிகுதியாக இயற்கை இரப்பரை உற்பத்தி செய்த நாடு மலாயாவே. பல தோட்டங்களின் தாள்கள் ஒன்றாகக் கட்டப்பட்டுக் கப்பலேறின. கடலுக்கு அப்பால் அவை சென்று சேர்ந்த இடங்களுள் ஒன்று, அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்திலுள்ள ஏக்ரன் நகரம். பெரிய இரப்பர் தொழிற்சாலைகள் பல அங்கு இருந்ததால் அந்நகரம் உலகின் இரப்பர் தலைநகரம் என்று அழைக்கப்பட்டது.

வானில் பனி எவ்வாறு படிகிறது?

நீர் சுழியம் டிகிரி செல்சியஸில் உறையும் என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்திருக்கிறோம். எனினும், மேகத்திலுள்ள நீர்த்துளிகள் எப்போதும் இந்த விதிப்படி நடப்பதில்லை. நீர் பனிக்கட்டியாக உருமாறத் தொடங்குவதற்குத் தூசு போன்ற ஒரு கரு வேண்டும். மேகத்துளிகள் மிக நுண்ணியவை. அவற்றுள் பலவற்றில் அத்தகைய கரு இருப்பதில்லை. ஆகவே, வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கிய பிறகும் அவை நீராகவே இருக்கின்றன. சுழியத்துக்குக் கீழ் ஏறக்குறைய 40 டிகிரி வரையிலும் நீர்த்துளி உறையாமல் இருக்கக்கூடும். இந்நிலையிலுள்ள நீரை மீக்குளிர் நீர் என்பர்.

மீக்குளிர் நீர்த்துளிகள் நிறைந்த மேகத்துக்குள் ஒரு விமானம் நுழைந்தால், துளிகள் அதன்மீது மோதுகின்றன. மோதியதும் உறைந்து ஒட்டிக்கொள்கின்றன. துளிகள் சிறியனவாக இருந்தால் பட்ட இடத்திலேயே உறைந்துவிடும். இடையில் காற்றும் சிறைபடுவதால் அப்பனி வெள்ளையாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். துளிகள் பெரியனவாக இருந்தால் சற்றுப் பரவிய பின்னர் உறையும். அப்பனி கண்ணாடி போல் தெளிவாக இருப்பதால் எளிதில் கண்ணுக்குத் தெரியாது, உடைப்பதும் கடினம்.

காற்றை எதிர்கொள்ளும் பகுதிகளில்தான் பனி முதலில் படிகிறது. இறக்கையின் முன்விளிம்பு, வால்பகுதியின் முன்விளிம்பு, சுழல்விசிறியின் இதழ்கள், எஞ்சினின் வாய், வேகத்தை அளக்கும் குழாய் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

மெல்லிய பனி, பெரிய கேடு

பனி படிந்தால் விமானத்தின் எடை கூடிவிடும். அதனால் அது விழுந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. எடை கூடுவது உண்மைதான். ஆனால், அதைவிடப் பெரிய கேடு வடிவத்தில் ஏற்படும் மாற்றமே. இறக்கையின் வளைவும் வழவழப்பும் மிகுந்த கணிப்புடன் அமைக்கப்பட்டவை. காற்று அவ்வளைவை ஒட்டிச் சீராகச் செல்லும்போதுதான் விமானத்தை மேலே தாங்கும் தூக்குவிசை உண்டாகிறது. முன்விளிம்பு சொரசொரப்பானால், காற்று இறக்கையைவிட்டு முன்னதாகவே பிரிந்துவிடும். தூக்குவிசை குறையும், விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் இழுவை கூடும்.

மரத்தச்சர் பயன்படுத்தும் உப்புத்தாளை நினைத்துப் பாருங்கள். அந்த உப்புத்தாளின் தடிப்பும் சொரசொரப்பும் கொண்ட பனி இறக்கையின் முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் படிந்தாலே, தூக்குவிசை 30 விழுக்காடு வரை குறையக்கூடும். இழுவை 40 விழுக்காடு வரை கூடக்கூடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குச் சொல்லும் கணக்கு இது.

அஞ்சல் விமானங்களும் ஓர் இரப்பர் அறிஞரும்

1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் கடிதங்களை விமானங்கள் கொண்டு சென்றன. நியூயார்க்கிலிருந்து சிக்காகோ செல்லும் வழியில் அலகெனி மலைகளைக் கடக்க வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் அம்மலைகளின்மேல் மீக்குளிர் நீர் நிறைந்த மேகங்கள் கவிந்திருக்கும். மேகத்துக்குள் நுழைந்த விமானிகள் இறக்கையில் பனி படிவதைக் கண்ணால் பார்த்தாலும், அதனை அகற்ற வழியின்றித் தவித்தார்கள். விபத்துகள் நிகழ்ந்தன, விமானிகள் இறந்தார்கள்.

இச்சிக்கலைத் தீர்க்க முயன்றவர் வில்லியம் கீர். இவர் ஏக்ரனிலிருந்த கூட்ரிச் இரப்பர் நிறுவனத்தில் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கி ஓய்வு பெற்ற வேதியியலாளர். ஓய்வுக்குப் பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தின் துணையோடு பனி ஒட்டும் தன்மையை ஆராயத் தொடங்கினார். குளிரூட்டிய காற்றுச்சுரங்கம் ஒன்றில், பல்வேறு பூச்சுகளின்மேல் பனி எவ்வாறு ஒட்டுகிறது என்று சோதித்தார். எந்தப் பூச்சைத் தடவினாலும், நீண்ட நேரம் பனி படியாமல் தடுப்பது இயலவில்லை.

அதன்பின் அவருடைய கவனம் இரப்பரின்பக்கம் திரும்பியது. எண்ணெய் ஊறிய இரப்பரில் பனி வலுவாகப் பிடிப்பதில்லை. அந்த இரப்பர் அசைந்து கொடுத்தால் பனி நொறுங்கி விழுகிறது. இவ்விரண்டையும் இணைத்ததே கீரின் வழி. பனி படியாமல் தடுக்கப் போராடுவதைவிட, படிந்த பனியை உடைத்துத் தள்ளுவது எளிது. இறக்கையின் முன்விளிம்பில் இரப்பர் உறை ஒன்றைப் போர்த்தி, அதனுள் காற்றை ஊதினால் உறை விம்மும். மேலிருக்கும் பனி விரிசல் விடும். எதிர்க்காற்று அதனை அடித்துச் செல்லும்.

1930ஆம் ஆண்டில் இந்த உறையை ஓர் அஞ்சல் விமானத்தில் பொருத்தி வானிலேயே சோதித்தனர். பனி உடைந்து விழுந்தது. பின்னர் கூட்ரிச் நிறுவனம் உறையை மேம்படுத்தி விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1933ஆம் ஆண்டில் பறக்கத் தொடங்கிய போயிங் 247, அதன்பின் வந்த டிசி-3 போன்ற பயணிகள் விமானங்கள் இந்தக் கறுப்பு உறையை அணிந்து பறந்தன. இறக்கைக்குக் காலணி மாட்டியது போல் இருந்ததால், இதற்குப் ‘பூட்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அதே ஆண்டுகளில் தோட்டத்தில்

கீரின் உறை வானில் வெற்றி பெற்ற 1930ஆம் ஆண்டு, மலாயாத் தோட்டங்களில் துயரம் சூழ்ந்த ஆண்டாகும். உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பரின் விலை சரிந்தது. தோட்ட நிர்வாகங்கள் கூலியைக் குறைத்தன; ஆள்களையும் குறைத்தன. வேலை இழந்த தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் கப்பலேற்றப்பட்டுத் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எஞ்சியவர்கள் குறைந்த கூலியில் காலம் தள்ளினார்கள்.

தங்கள் உளியிலிருந்து வடிந்த பால் எந்தெந்தப் பொருளாக உருமாறுகிறது, யார் யாருடைய உயிரைக் காக்கிறது என்பதை அவர்கள் அறிய வாய்ப்பில்லை. அக்காலத்தில் செயற்கை இரப்பர் இன்னும் சந்தையில் பரவவில்லை. எனவே, தொடக்க கால உறைகள் தோட்டத்து இயற்கை இரப்பரையே நம்பியிருந்தன. கண்டுபிடிப்பாளரின் பெயரை வரலாறு பதிவு செய்துள்ளது. மூலப்பொருளைத் தந்த கைகளையும் நாம் நினைவில் கொள்வது முறையாகும்.

உறை செயல்படும் முறை

குளிர்பதனப் பெட்டியில் பனிக்கட்டி செய்ய நாம் பயன்படுத்தும் தட்டை எடுத்துக்கொள்வோம். தட்டு உலோகமாக இருந்தால் கட்டிகள் எளிதில் கழலா. வளையக்கூடிய தட்டாக இருந்தால், இரு முனைகளையும் பிடித்துச் சற்று முறுக்கினால் போதும்; கட்டிகள் பட்டென்று கழன்றுவிடும். பனிக்கட்டி விறைப்பானது, வளையாது. அடியிலிருக்கும் பரப்பு நீண்டோ வளைந்தோ கொடுக்கும்போது பனியால் உடன் நகர இயலாது. ஆகவே, பிடிப்பு விடுகிறது. விமான உறையின் அடிப்படையும் இதுவே.

உறைக்குள் நீளவாக்கிலோ குறுக்குவாக்கிலோ பல குழல்கள் உள்ளன. விமானி விசையை இயக்கினால் எஞ்சினிலிருந்து வரும் அழுத்தக் காற்று அக்குழல்களுக்குள் பாய்கிறது. சில விநாடிகளில் குழல்கள் விம்மிப் பனியை உடைக்கின்றன. பிறகு காற்று வெளியேறுகிறது. மீண்டும் பனி படியும் வரை உறிஞ்சுவிசை உறையை இறக்கையோடு ஒட்ட வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் உறையே புடைத்து இறக்கையின் வடிவத்தைக் கெடுத்துவிடும்.

இப்பணிக்கு இரப்பர் ஏற்றதாக இருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, அது நீண்டு பின் பழைய அளவுக்குத் திரும்பும். இரண்டாவது, காற்றைக் கசியவிடாமல் பிடித்து வைக்கும். மூன்றாவது, கடுங்குளிரிலும் நெகிழ்வாக இருக்கும். இயற்கை இரப்பர் கண்ணாடி போல் விறைத்துப்போவது சுழியத்துக்குக் கீழ் ஏறக்குறைய 70 டிகிரியில்தான். வெப்பத்தில் பிசுபிசுத்துக் குளிரில் இறுகும் பச்சை இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். அந்த வன்கந்தக முறை இல்லாமல் இறக்கை உறையும் இல்லை.

இயற்கை இரப்பருக்கு ஒரு குறையும் உண்டு. வெயிலும் ஓசோனும் தொடர்ந்து பட்டால் அது வெடிப்பு விடும். ஆகவே, இன்றைய உறைகளின் மேற்புறத்தில் பெரும்பாலும் நியோப்ரீன் போன்ற செயற்கைப் பொருள்களே பயன்படுகின்றன. எனினும், விமானத்தின் சக்கரங்களுக்கு இயற்கை இரப்பரே இன்றும் முதன்மையான மூலப்பொருள்.

தடுத்தல், உருக்குதல், உடைத்தல்

பனியைச் சமாளிக்கும் வழிகளை மூன்றாக வகுக்கலாம். உடைத்தல் என்ற வழியைப் பார்த்துவிட்டோம். இரண்டாவது வழி உருக்குதல். பெரிய ஜெட் விமானங்களின் எஞ்சினில் சூடான காற்று மிகுதியாகக் கிடைக்கும். அதனை இறக்கையின் முன்விளிம்புக்குள் செலுத்தினால் பனி படியாது. இத்துறையில் ஆய்வு செய்த லூயிஸ் ரோடர்ட் என்ற பொறியியலாளருக்கு 1946ஆம் ஆண்டுக்கான காலியர் விருது வழங்கப்பட்டது. போயிங் 787 விமானத்தில் சூடான காற்றுக்குப் பதிலாக மின்சாரமே இறக்கையைச் சூடாக்குகிறது.

மூன்றாவது வழி ஒட்டவிடாமல் தடுத்தல். குளிர்நாட்டு விமான நிலையங்களில் புறப்படும் முன் விமானத்தின்மீது திரவம் தெளிப்பதைக் காணலாம். கிளைக்கால் என்ற பொருளும் நீரும் கலந்த இத்திரவம், நீரைவிட மிகக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். சூடாக்கப்பட்ட ஆரஞ்சு நிறத் திரவம் ஏற்கனவே படிந்த பனியை அகற்றுகிறது. அதன்மேல் தெளிக்கப்படும் கெட்டியான பச்சை நிறத் திரவம் புதிய பனி ஒட்டாமல் சிறிது நேரம் காக்கிறது. விமானம் வேகமெடுத்து ஓடும்போது அது வழிந்து போய்விடும்.

‘சிறிது நேரம்’ என்பது இங்கு மிகவும் முக்கியம். 1982ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் வாஷிங்டன் நகரில் கடும்பனி பெய்தது. ஏர் புளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்துக்குத் திரவம் தெளிக்கப்பட்டது. ஆனால், அது புறப்படச் சுமார் 50 நிமிடம் ஆனது. இடையில் மீண்டும் பனி படிந்தது. எஞ்சினைப் பனியிலிருந்து காக்கும் விசையும் இயக்கப்படவில்லை. அழுத்தத்தை அளக்கும் கருவியின் வாயைப் பனி அடைத்துக்கொண்டதால், எஞ்சினின் உந்துவிசை உண்மையில் இருந்ததைவிட அதிகமாகக் காட்டப்பட்டது. மேலெழுந்த சற்று நேரத்திலேயே விமானம் பாலம் ஒன்றில் மோதிப் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் சென்றவர்கள் நால்வர் உட்பட 78 பேர் உயிரிழந்தனர்.

பனியோ உறைபனியோ இறக்கையில் ஒட்டியிருக்கும் நிலையில் எந்த விமானமும் புறப்படக்கூடாது என்பது இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. தெளிவான பனி கண்ணுக்குப் புலப்படாது என்பதால், சில வேளைகளில் கையால் தடவிப் பார்த்தே உறுதி செய்கிறார்கள்.

உறைக்கும் எல்லை உண்டு

1994ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், ஏ.டி.ஆர். 72 வகை விமானம் ஒன்று சிக்காகோவில் இறங்க அனுமதி வேண்டி வானில் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அதன் இறக்கைகளில் இரப்பர் உறைகள் இருந்தன. அவை வேலையும் செய்தன. ஆனால், அன்று மேகத்திலிருந்த துளிகள் வழக்கத்தைவிடப் பெரியவை. அவை முன்விளிம்பில் உறையாமல் பின்னோக்கி வழிந்து, உறை முடியும் இடத்துக்கு அப்பால் உறைந்தன. அங்கு ஒரு பனிவரப்பு உருவானது. அதனால் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள கட்டுப்பாட்டுத் தகடு தானாகத் திரும்பியது. விமானம் புரண்டு இண்டியானா மாநிலத்தின் ரோஸ்லான் என்ற ஊருக்கு அருகில் விழுந்தது. விமானத்திலிருந்த 68 பேரும் உயிரிழந்தனர்.

இதன்பின் அவ்வகை விமானங்களின் உறைகள் பின்னோக்கி அகலப்படுத்தப்பட்டன. பெரிய மீக்குளிர் துளிகளைப் பற்றிய ஆய்வுகள் பெருகின, விதிகளும் மாறின. ஒரு கருவி எந்தச் சூழலுக்காகச் செய்யப்பட்டதோ, அந்தச் சூழலில்தான் முழுமையாகக் காக்கும். ஆகவே, கருவியின் ஆற்றலை அறிவது போலவே அதன் எல்லையை அறிவதும் பொறியியலாளரின் கடமை.

நம் வானிலும் பனி

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சிரம்பானில் நிற்கும்போது வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல் இருக்கலாம். ஆனால், உயரம் கூடக் கூட வெப்பநிலை குறையும். மலேசிய வானில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்திலேயே சுழியம் டிகிரி எட்டிவிடும். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையுச்சியிலிருந்து இன்னும் ஒரு கிலோமீட்டர் அளவு மேலே சென்றால் போதும். அதற்கும் மேலுள்ள மேகங்களில் மீக்குளிர் நீரும் பனித்துகள்களும் உண்டு.

ஆகவே, சுபாங் விமான நிலையத்திலிருந்து பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானங்களின் இறக்கைகளிலும் கறுப்பு உறைகள் உள்ளன. அடுத்த முறை அவ்விமானத்தைக் காண நேர்ந்தால் முன்விளிம்பைக் கவனியுங்கள். கறுப்புப் பட்டை போல் தெரிவதுதான் அந்த உறை.

வெப்பமண்டல வானிலும் பனி ஆபத்தானது என்பதற்கு 2009ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நேர்ந்த விபத்து சான்றாகும். பிரேசிலிலிருந்து பாரிசுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் விமானம், நிலநடுக்கோட்டை ஒட்டிய அட்லாண்டிக் பெருங்கடலின்மேல் இடிமேகங்களைக் கடந்தது. வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனித்துகள்கள் சிறிது நேரம் அடைத்தன. தானியங்கி விலகியது, குழப்பத்தில் விமானிகளால் விமானத்தைக் கட்டுக்குள் கொண்டுவர முடியவில்லை. 228 பேர் மாண்டனர். அக்குழாய்கள் சிறியவையே.

குடுவைச் செடி காட்டும் வழி

பனிப்படிவு விமானங்களுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 1998ஆம் ஆண்டு ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உறைமழை பல நாள் நீடித்தது. மின்கம்பிகளின்மேல் தடித்த பனி படிந்து, ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் பாரம் தாங்காமல் சாய்ந்தன. காற்றாலைகளின் இதழ்களிலும் கப்பல்களின் மேல்தளத்திலும் பனி தொல்லை தருகிறது. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியிலும் பனி அடர்ந்தால் குளிர் குறைந்து மின்சாரம் வீணாகிறது.

அதனால், பனியே பிடிக்காத பரப்பு ஒன்றை உருவாக்க அறிவியலாளர்கள் முயல்கின்றனர். 2011ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜோனா ஐசன்பெர்க் தலைமையிலான குழுவினர் புதிய வகைப் பரப்பு ஒன்றை வெளியிட்டனர். அதற்கு முன்மாதிரியாக அமைந்தது மலேசியக் காடுகளிலும் காணப்படும் குடுவைச் செடி. அச்செடியின் விளிம்பு ஈரத்தைப் பிடித்து வைத்து வழுக்கலாக இருப்பதால், அதில் கால் வைக்கும் பூச்சி நழுவி உள்ளே விழுந்துவிடுகிறது. ஆய்வாளர்கள் நுண்துளைகள் கொண்ட பரப்பில் வழுக்கும் நெய்மம் ஒன்றை ஊறவைத்தனர். அதில் நீர் நிற்பதில்லை. உறைந்த பனியும் எளிதில் சரிந்துவிடுகிறது. இரப்பரில் எண்ணெயை ஊறவைத்துப் பார்த்த கீரின் எண்ணம் புதிய வடிவில் திரும்பி வந்திருக்கிறது எனலாம். ஆயினும், மழை, மணல், வேகம் ஆகியவற்றைத் தாங்கி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் பரப்பை ஆக்குவது இன்னும் அறைகூவலாகவே உள்ளது.

அத்தகைய பரப்பு வரும் வரையில், பழைய இரப்பர் உறை தன் பணியைத் தொடரும். தோட்டத்துப் பால்மரத்தையும் காட்டுக் குடுவைச் செடியையும் கொண்ட நம் மண்ணில் பிறந்த மாணவர்களுள் எவரேனும் அந்த அறைகூவலை ஏற்கக்கூடும். அதற்கு வேண்டியது, அருகிலிருக்கும் பொருளை ‘இது ஏன் இப்படி இருக்கிறது?’ என்று கேட்டுப் பார்க்கும் பழக்கமே.

கருத்துணர்தல் வினாக்கள்

1. மீக்குளிர் நீர் என்றால் என்ன? அது விமானத்தில் படியும் முறையை விளக்குக.

2. இறக்கையில் படியும் பனியின் எடையைவிட அதன் சொரசொரப்பு ஆபத்தானது என்று கூறப்படுவதேன்?

3. இரப்பர் உறையின் செயல்பாட்டை விளக்கப் பனிக்கட்டித் தட்டு எவ்வாறு உதவுகிறது?

4. 1982ஆம் ஆண்டு விபத்தும் 1994ஆம் ஆண்டு விபத்தும் உணர்த்தும் படிப்பினைகளை ஒப்பிட்டு எழுதுக.

5. ‘மூலப்பொருளைத் தந்த கைகளையும் நாம் நினைவில் கொள்வது முறையாகும்’ என்னும் கருத்தைப் பற்றி உம் எண்ணத்தை ஒரு பத்தியில் எழுதுக.